வயதைக் கேட்டால் குற்றமா?

நேர்முகத் தேர்வில் விண்ணப்பதாரரின் வயதை முதலாளி கேட்கலாமா என்ற கேள்விக்கு இந்தியச் சட்டத்தின் பதில் சுருக்கமானது: கேட்கலாம். தனியார் நிறுவனம் வயதைக் கேட்பதையோ, கேட்ட வயது பிடிக்காமல் ஆளைத் திருப்பி அனுப்புவதையோ தடுக்கும் பொதுச் சட்டம் எதுவும் இங்கே இல்லை. அரசியலமைப்பின் 16ஆவது பிரிவு அரசு வேலையில் பாகுபாடு கூடாது என்கிறது. எவற்றின் பேரில் கூடாது என்று பட்டியலும் போடுகிறது: மதம், இனம், சாதி, பால், மரபுவழி, பிறந்த இடம், குடியிருக்கும் இடம். பிறந்த இடம் இருக்கிறது. பிறந்த தேதி இல்லை. பிற்பாடு மாற்றுத்திறனாளிகளுக்கு 2016இலும், எச்ஐவி தொற்றுள்ளவர்களுக்கு 2017இலும், திருநர்களுக்கு 2019இலும் பாதுகாப்புச் சட்டங்கள் வந்தன. நாற்பத்தைந்து வயதில் வேலை தேடுபவருக்கு இன்னும் ஒன்றும் வரவில்லை. அவர் காத்திருக்கலாம். காத்திருந்தால் நாற்பத்தாறு ஆகும்.

வயதைக் கேட்டே ஆக வேண்டிய இடமும் உண்டு. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்ட பிறகு, 14 வயது நிரம்பாதவரை வேலைக்கு வைக்கக் கூடாது. குடும்பத் தொழில், கலைத்துறை போன்றவற்றுக்கு மட்டும் சில நிபந்தனைகளோடு விலக்கு. 18 நிரம்பாதவரை ஆபத்தான தொழிலில் இறக்கக் கூடாது. ஆக, வயது குறைந்துவிடக் கூடாதே என்பதுதான் சட்டத்தின் கவலை. கூடிவிடக் கூடாதே என்ற கவலையை மனிதவளத் துறை தானாக முன்வந்து ஏற்றுக்கொண்டிருக்கிறது.

அந்தத் துறையினர் வயதை நேரடியாகக் கேட்பது அரிது. நாகரிகம் கருதி அல்ல, அவசியம் இல்லாததால். நம்மூர் பயோடேட்டாவில் தகப்பனார் பெயருக்கு அடுத்த வரியே பிறந்த தேதிதான். அதை யாராவது சாமர்த்தியமாக எடுத்துவிட்டாலும், பத்தாம் வகுப்பு தேறிய ஆண்டு கீழே நிற்கும். அதிலிருந்து பதினைந்தைக் கழிக்கத் தெரியாதவர் மனிதவளத் துறைக்கு வருவதில்லை. ஆண்டுகளையும் எடுத்துவிட்டால், “நீங்க எந்த பேட்ச்?” என்று ஒரு கேள்வி வரும். “எங்க டீம் ரொம்ப யங் டீம், செட் ஆகிடுவீங்களா?” என்பது அடுத்தது. கேள்வி கேட்பவரே விண்ணப்பதாரரை “சார்” என்று அழைக்கத் தொடங்கிவிட்டால், மேற்கொண்டு எதையும் சொல்லாமல் எழுந்து வந்துவிடலாம். பெண்ணாக இருந்தால் வயதோடு கல்யாணம், குழந்தை, மாமியார் ஊர் எல்லாம் சேர்த்து விசாரிக்கப்படும். வேலை கிடைக்காவிட்டாலும் வரன் கிடைத்துவிடும் அளவுக்கு விவரம் திரட்டப்படும். விளம்பரங்களுக்கு இந்தச் சுற்றுவழியும் தேவையில்லை. “வயது 28க்குள், பத்தாண்டு அனுபவம் அவசியம்” என்று அச்சிட்டே கேட்கிறார்கள். அப்படிப்பட்டவர் பதினெட்டு வயதிலேயே மேலாளராகியிருக்க வேண்டும் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

விமானப் பணிப்பெண்கள் விஷயத்தில் வயது நீதிமன்றம் வரை போனது. ஏர் இந்தியாவில் அப்போது அவர்களுக்கு 35 வயதில் ஓய்வு. வேலையில் சேர்ந்து நான்காண்டுக்குள் திருமணம் செய்தாலோ, முதல் முறை கருவுற்றாலோ அதற்கும் முன்பே வீட்டுக்குப் போக வேண்டும். அதே விமானத்தில் அதே காப்பியைக் கொடுத்த ஆண் பணியாளருக்கு ஓய்வு 58. பணிப்பெண்ணுக்கு 45 வரை நீட்டிப்புக் கொடுப்பது நிர்வாக இயக்குநரின் விருப்பம். 1981இல் உச்ச நீதிமன்றம் கருவுறுதல் விதியையும் இயக்குநரின் விருப்பத்தையும் ரத்து செய்தது. நான்காண்டுத் திருமண விதியை மட்டும் நியாயம்தான் என்று விட்டுவைத்தது.

அரசு வேலையில் வயதுதான் முதல் கேள்வி. அறிவு பிறகு வரும். குடிமைப் பணித் தேர்வுக்குப் பொதுப் பிரிவினர் 21 முதல் 32 வயதுக்குள் இருக்க வேண்டும். பிற்படுத்தப்பட்டோருக்கு 35, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 37 வரை தளர்வு. கணக்கிடும் நாள் ஆகஸ்ட் 1. 2024ஆம் ஆண்டுத் தேர்வுக்கு 1992 ஆகஸ்ட் 2இல் பிறந்த பொதுப் பிரிவினர் இளைஞர். முதல் நாள் பிறந்தவர் கிழவர்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே 1967லேயே வயதுப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வந்துவிட்டது. குறைந்தது இருபது பேர் வேலை பார்க்கும் நிறுவனத்தில், 40 வயதைத் தொட்டவரை வயதைக் காரணம் காட்டி ஒதுக்கக் கூடாது. ஆனால் வயதைக் கேட்கவே கூடாது என்று அந்தச் சட்டமும் சொல்லவில்லை. கேட்டால், பின்னால் வழக்கு வரும்போது அந்தக் கேள்வியே சாட்சியாக நிற்கும். அதனால் முதலாளிகள் பட்டம் பெற்ற ஆண்டை விசாரித்து மனக்கணக்குப் போட்டார்கள். கனெக்டிகட் மாநிலம் 2021இல் அதற்கும் முட்டுக்கட்டை போட்டு, முதல் விண்ணப்பத்தில் வயது, பிறந்த தேதி, படித்து முடித்த தேதி எதையும் கேட்கக் கூடாது என்று சட்டம் இயற்றியது.

1967ஆம் ஆண்டுச் சட்டம் வந்த புதிதில் பாதுகாப்பு 65 வயது வரைதான் இருந்தது. அதற்கு மேலும் ஒருவர் வேலை கேட்டு வருவார் என்று அப்போது எண்ணவில்லை போலும். 1978இல் அது 70 ஆனது, 1986இல் வரம்பையே எடுத்துவிட்டார்கள். சட்டம் செய்த அரசு தனக்கென்று சில விலக்குகளை வைத்துக்கொண்டது: விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் பணிக்கு பொதுவாக 31 வயதாகும் முன்பே சேர்ந்தாக வேண்டும், 56இல் ஓய்வு. 2004இல் தீர்ப்பான ஒரு வழக்கு இன்னும் ருசியானது. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு மட்டும் ஒரு சலுகை தருகிறார்கள், எங்களைச் சின்னவர்கள் என்று ஒதுக்குகிறார்கள் என நாற்பதுகளில் இருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். மூத்தவரைக் காப்பதுதான் சட்டம், இளையவரை அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாற்பத்தைந்து வயதில் இளைஞர் என்று உச்ச நீதிமன்றத்திடமே சான்றிதழ் வாங்கும் பாக்கியம் வேறு எங்கும் கிடைக்காது.

இனி, கேட்டால் சொல்லப்படும் வயது எந்த வயது என்பது. நம்மூரில் பலருக்கு இரண்டு வயது உண்டு. ஒன்று அம்மாவுக்குத் தெரிந்தது; மற்றது தலைமையாசிரியர் கொடுத்தது. வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டுவிட்டால் குழந்தைக்கு ஐந்து வயது என்று ஒன்றாம் வகுப்பில் சேர்த்த காலம் இருந்தது. ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்து நிரம்பியிருக்க வேண்டுமே என்று தலைமையாசிரியர் மே மாதத்தில் ஒரு தேதியை எழுதிக்கொள்வார். அந்தத் தலைமுறையில் ஊரில் பாதிப் பேர் கோடையில் பிறந்தது இப்படித்தான். அந்தத் தேதியே எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துக்கும், பணிப்பதிவேட்டுக்கும் போகும். ஓய்வு பெறும் நாளையும் அதுவே தீர்மானிக்கும்.

பெரிய பதவியில் இருப்பவர்களும் இதில் தப்பவில்லை. ராணுவத் தலைமைத் தளபதி வி.கே. சிங் பிறந்தது 1950லா 1951லா என்ற வழக்கு 2012இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அந்த மே மாதமே ஓய்வு பெற்றார். கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி ஜோதி பிரகாஷ் மித்தர் தாம் பிறந்தது 1904 என்றார். மெட்ரிகுலேஷன் பதிவு 1901 என்றது. உயர் நீதிமன்ற நீதிபதியின் வயதில் தகராறு வந்தால் இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்து குடியரசுத் தலைவரே முடிவுசெய்ய வேண்டும் என்று அரசியலமைப்பில் 1963இல் ஒரு பிரிவே சேர்ந்தது. குடியரசுத் தலைவரின் முடிவு 1901. அதைச் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது 1971இல். அதற்குள் எந்தக் கணக்குப்படி பார்த்தாலும் நீதிபதிக்கு ஓய்வு வயது கடந்திருந்தது.

அரசு ஊழியர்களுக்குப் பதிவில் ஏறிய தவறான பிறந்த தேதியைத் திருத்திக்கொள்ள வழி இருக்கிறது. வேலையில் சேர்ந்து ஐந்தாண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் தலைமையாசிரியர் செய்த பிழை பெரும்பாலோருக்கு ஐம்பத்தேழு வயதில்தான் நினைவுக்கு வருகிறது. பணியின் கடைசிக் காலத்தில் பிறந்த தேதியை மாற்றக் கேட்பவர்களை உச்ச நீதிமன்றம் 1993இல் ஹர்நாம் சிங் வழக்கு தொடங்கிப் பல முறை திருப்பி அனுப்பியிருக்கிறது. ஆகையால் புதிதாக அரசு வேலையில் சேர்ந்தவர்கள் எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழை இந்த வாரமே எடுத்து, பெற்றவளிடம் ஒரு முறை காட்டிச் சரிபார்த்துக்கொள்ளவும்.