தெருவுக்கு ஒரு சிடி சார்

திருக்கோவிலூர் போன்ற ஊர்களில் டிவிடி பிளேயர் வீட்டுக்கு வீடு இருந்த காலத்தில் தோன்றி, அது பரணேறிய பின்னும் அழியாமல் நிற்கும் மனித வகைகளுள் ‘சிடி சார்’ தனித்து ஆராயத்தக்கவர். தொழிலால் அவர் பெரும்பாலும் பள்ளி ஆசிரியர். எனினும் தெருவில் நடந்த காதுகுத்து முதல் உலகளந்த பெருமாள் கோயில் தேரோட்டம் வரை யார் எதைப் படம்பிடித்தாலும், அது தொலைக்காட்சியில் ஓடவேண்டுமானால் அவர் வீட்டுக் கணினியைக் கடந்துதான் ஆகவேண்டும். காசு வாங்கமாட்டார், ஆனால் விளக்கத்தை முழுதும் கேட்காமல் எவரும் தட்டைப் பெற்றுச் சென்றதில்லை.

“கம்ப்யூட்டர்ல ஓடுது, டிவியில ஏன் சார் ஓடமாட்டேங்குது?” என்று ஒருவர் கேட்டுவிட்டால் அன்றைய மாலை அவருடையது. ஏவிஐ, எம்பி4 என்பன கோப்பின் வெளிக்கூடு மட்டுமே என்பதும், படத்தைச் சுருக்கவும் விரிக்கவும் பயன்படும் கோடெக் என்னும் முறை அக்கூட்டுக்குள் வேறாக இருக்கும் என்பதும், கணினி பல கோடெக்குகளை அறிந்திருக்க, பழைய பிளேயரோ எம்பெக்-2 முறையில் 720-க்கு 576 புள்ளிகளாகச் சுருக்கி, விஓபி கோப்புகளாக உரிய கோப்புறையில் அடுக்கிய படத்தையே எதிர்பார்க்கும் என்பதும் காபி ஆறி ஆடை படியும்வரை விளக்கப்படும். ஏவிஐ என்ற பின்னொட்டை அழித்து எம்பிஜி என்று தட்டினால் போதும் என நம்பும் இளைஞர்களை மட்டும் அவர் மன்னிப்பதில்லை. “2019-ல விழுப்புரம் மாவட்டம் போயி கள்ளக்குறிச்சி மாவட்டம் ஆனோம். அதுக்காகத் தென்பெண்ணை மேற்க பாத்தா ஓடுது மாப்ள?” என்பார்.

அவருடைய மேதைமை முழுதும் வெளிப்படுவது கல்யாணத் தட்டில்தான். 4.7 ஜிபி கொள்ளும் டிவிடியில் இரண்டு மணி நேரப் படம் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 5 மெகாபிட் கிடைக்கும். ‘பிட்ரேட்’ எனப்படும் இவ்வளவு குறையக் குறையப் படத்தின் தெளிவும் குறையும். பெண் வீட்டாரோ மாப்பிள்ளை அழைப்பு முதல் பந்தியில் பாயசம் ஊற்றியதுவரை நான்கு மணி நேரத்தையும் ஒரே தட்டில் கேட்பார்கள். எம்பெக் முறை ஒவ்வொரு சட்டகத்தையும் முழுதாகச் சேமிக்காமல், முந்தையதற்கும் பிந்தையதற்கும் உள்ள வேறுபாட்டையே பெரிதும் சேமிப்பதால், பெரியப்பா நாற்காலியில் அசையாது உறங்கும் காட்சி கண்ணாடிபோல் துலங்கும். தாலி கட்டும் நொடியிலோ அட்சதை பறந்து, ஓமப்புகை எழுந்து, பிளாஷ்கள் மின்னிச் சட்டகத்துக்குச் சட்டகம் எல்லாமே மாறிவிடுவதால், மணமகள் முகமும் கூறைப்புடவைச் சரிகையும் கட்டங்கட்டமாகச் சிதறும். சுருங்கச் சொன்னால், கல்யாணத்தில் எது முக்கியமோ அதுவே முதலில் கெடும்.

இதற்கு அவர் கண்ட மருந்து ‘டூ பாஸ்’; அதாவது மென்பொருள் முதன்முறை படம் முழுவதையும் ஆராய்ந்து, பெரியப்பாவின் பங்கைக் குறைத்து, மறுமுறை தாலிக்குக் கூடுதல் பிட்டுகளை ஒதுக்கும் முறை. இரவெல்லாம் ஓடும் இவ்வேலை 2012-ஆம் ஆண்டின் மின்வெட்டுக் காலத்தில் பாதியில் அறுந்து, மறுநாள் தொடக்கத்திலிருந்தே ஆரம்பித்ததுண்டு. பிள்ளைக்கு வரன் தேடும்போதுகூட அவர் அத்தனை இரவுகள் விழித்திருக்கமாட்டார் என்று வீட்டம்மாள் அண்டை வீட்டில் சொல்லிவைத்தார்.

இப்போது வேலை தலைகீழாகிவிட்டது. தட்டு இயக்கியே இல்லாத மடிக்கணினிகளை வைத்திருக்கும் பிள்ளைகள் பழைய விசிடிகளைக் கொண்டுவர, டேட் என்ற பின்னொட்டுக்குள் இருப்பது எம்பெக்-1 படமே என்று காட்டி, கீறல் விழுந்த தட்டை மல்துணியால் நடுவிலிருந்து விளிம்புநோக்கித் துடைத்து, கைப்பேசிக்கு ஏற்றவாறு மாற்றித் தருகிறார். “வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க சார்” என்றால் மட்டும் முகம் சுருங்கும். வீடியோவாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கிவிடும் என்று தொடங்கி, டாக்குமென்டாக அனுப்புவதன் மேன்மையை அவர் விவரித்துக்கொண்டிருக்கும்போதே பெண் வீட்டார் தொலைக்காட்சித் திரையைத் தம் கைப்பேசியில் படம்பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டுவிடுகிறார்கள்.