எண்ணெய் தேய்த்தவர்களுக்கான அலமாரி

எங்கள் குத்துக்கல்வலசையில் வாசிப்புப் பழக்கத்தை வளர்ப்பது நூலகத்துறை அல்ல, காவல்துறை. குற்றாலம் மெயினருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழ ஆரம்பித்ததும் போலீஸ்காரர் விசில் ஊதி எல்லோரையும் மேலே ஏற்றிவிடுவார். குளிக்கத் தடை. ஐந்தருவிக்கு ஓடினால் அங்கேயும் தடை. ஜூன், ஜூலை சாரலை நம்பி எங்கள் வீட்டில் வந்து இறங்கிய சொந்தபந்தம் அத்தனையும் போன வேனிலேயே திரும்பிவிடும்.

அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடக் கேட்கும் காசு கட்டாது என்று வீட்டிலேயே தேய்த்துக்கொண்டு கிளம்புவது குடும்ப வழக்கம். ஆகவே திரும்பி வருகிறவர்கள் எல்லோரும் நல்லெண்ணெயில் மினுமினுப்பார்கள். காற்றுக்குக் கரண்ட் போயிருக்கும். டிவி ஓடாது. அப்போதுதான் என் புத்தக அலமாரி அவர்கள் கண்ணுக்குத் தெரியும்.

அலமாரியில் ஒரு ஒழுங்கு வைத்திருந்தேன். கீழ்த்தட்டு பிள்ளைகளுக்கு: அம்புலிமாமா பைண்டுகள், அழ.வள்ளியப்பா, வாண்டுமாமா, முத்து காமிக்ஸ். மேல்தட்டு பெரியவர்களுக்கு: கம்பன், கி.ரா., புதுமைப்பித்தன், இன்னும் வாங்கிவைத்து நானே தொடாத சில தடிமன்கள். கைக்கு எட்டுவதை அவரவர் எடுப்பார்கள் என்பது என் கணக்கு.

முதலில் குனிந்தவர் அத்தான். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ‘சின்னப்பயலுவ புத்தகம் எப்படி இருக்குன்னு சும்மா பாக்கேன்’ என்று இரும்புக்கை மாயாவியை எடுத்தார். 1972இல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழே அதுதான். மாயாவியின் மேல் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துபோவான், இரும்புக் கை மட்டும் தெரியும். அத்தான் நெடுநேரம் மௌனமாகப் படித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

‘மாப்ளே, எத்தனை வோல்ட்டுன்னே போடலையே. சிங்கிள் பேஸா, த்ரீ பேஸா?’

‘அத்தான், அது பிள்ளைகளுக்கு உள்ளது.’

‘பிள்ளையளுக்கு உள்ளதுன்னா எர்த்தே இல்லாம விட்டுருவாங்களாக்கும்?’ என்றவர், அடுத்த இதழுக்குக் கையை நீட்டினார். பக்க ஓரத்தில் அவர் பெருவிரல் ரேகை, ரிஜிஸ்தர் ஆபீசில் வைத்ததுபோல எண்ணெயில் அழகாகப் பதிந்திருந்தது.

மேல்தட்டுக்கு ஏறியது அக்கா பேத்தி. ஆறாம் வகுப்பு. கி.ராஜநாராயணனின் ‘பிஞ்சுகள்’ அவளுக்குப் பிடிக்கும், பறவை முட்டை தேடித் திரியும் பையனின் கதை. எழுதியவர் பெயரைப் பார்த்து, அதே ஆளுடைய இன்னொன்றையும் உருவிவிட்டாள். கிராமத்து ஆட்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரித்த கதைகளைத் திரட்டி, ‘வயது வந்தவர்களுக்கு மட்டும்’ என்று அட்டையிலேயே போட்டுக் கொடுத்த தொகுப்பு அது.

‘தாத்தா, எனக்கு இன்னும் வயசு வரலையா? யார்ட்ட போயி கேக்கணும்?’

நான் பதில் யோசிப்பதற்குள் என் மனைவி புத்தகத்தைப் பிடுங்கிப் பரண்மேல் போட்டுவிட்டாள். அதுவரை அப்படி ஒரு புத்தகம் வீட்டில் இருப்பதே யாருக்கும் தெரியாது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அடுக்களை முக்காலியைக் காணவில்லை. பரணுக்குக் கீழே கிடந்தது, எண்ணெய்ப் பாதங்களோடு. பாதங்கள் ஒரே அளவிலும் இல்லை.

எழுதினவர்களே இந்தத் தட்டுக் கணக்கை மதித்ததாகத் தெரியவில்லை. கி.ரா. இரண்டு பக்கமும் எழுதினார், அதுவும் சொந்தப் பெயரிலேயே. வாண்டுமாமா கொஞ்சம் நாகரிகம் பார்த்தவர்: பிள்ளைகளுக்கு வாண்டுமாமா, பெரியவர்களுக்குக் கௌசிகன் என்று ஒரே கிருஷ்ணமூர்த்தி இரண்டு பெயர் வைத்துக்கொண்டார். அம்புலிமாமாவில் வேதாளம் கேட்கிற கேள்விகள் இருக்கிறதே, அவற்றில் பாதிக்கு எனக்கு இன்றைக்கும் விடை தெரியாது.

பெரிய சிக்கல் குற்றாலக் குறவஞ்சிதான். எழுதிய திரிகூட ராசப்பக் கவிராயர் மேலகரத்துக்காரர். இங்கிருந்து சைக்கிளில் போகிற தூரம். குரங்குகள் பழம் கொடுத்துக் கொஞ்சுகிற பாட்டைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதற்கு உரையே வேண்டாம். கையிலிருக்கும் வாழைப்பழத்தை அந்தக் குரங்குகளிடம் பறிகொடுத்தவர்கள்தான். ஆனால் மலையிலிருந்து இறங்கி வசந்தவல்லியின் விரகத்துக்கும், சிங்கன் சிங்கியைத் தேடிக் கண்டுபிடித்துப் பேசுகிற பேச்சுக்கும் வந்தால் வாத்தியாருக்குத் தொண்டை கமறும். மதுரை முத்துவிசயரங்க சொக்கநாத நாயக்கர் மட்டும் கமறாமல் முழுசாகக் கேட்டுக் கவிராயருக்கு நிலமே எழுதிக்கொடுத்தார். குறவஞ்சி மேடு என்று பெயர். (இப்போதெல்லாம் ஆசிரியர் பிரதி பத்து கொடுத்தால் பெரிய காரியம்.) மேல்தட்டா, கீழ்த்தட்டா என்று முடிவாகாமல் அந்தப் புத்தகம் பல காலம் டிவி மேலேயே கிடந்தது.

கம்பராமாயணம் மட்டும் மேல்தட்டில் பத்திரமாக இருக்கும் என்று நினைத்தேன். யாரோ பரணுக்கு ஏறுகிற அவசரத்தில் அதை இறக்கித் தரையில் வைத்துவிட, தவழ்கிற பிள்ளை ஒன்று யுத்த காண்டத்தில் கொஞ்சம் கிழித்து வாயில் போட்டுக்கொண்டது. நான் பதறினேன். அத்தான் அசையவில்லை. ‘குத்தாலத்துல இருந்துக்கிட்டு ரசிகமணி டி.கே.சி. இது கம்பன் பாட்டு இல்லை, இதுவும் இல்லைன்னு எத்தனை பாட்டைத் தள்ளியிருக்காரு! அவரை ரசிகமணின்னு கொண்டாடுதோம். இதை மட்டும் ஏசலாமா?’

சாயங்காலம் மனைவி அலமாரியைப் புதிதாக அடுக்கினாள். கீழ்த்தட்டு எண்ணெய் தேய்த்தவர்களுக்கு, மேல்தட்டு குளித்துவிட்டு வந்தவர்களுக்கு. வயதைப் பற்றிப் பேச்சே இல்லை. ரங்கநாதனின் நூலக விதிகளில் இப்படி ஒன்று இல்லைதான். ஆனால் அவர் சீர்காழிக்காரர், அங்கே அருவி கிடையாது.

அதற்குள் தண்ணீர் குறைந்து தடையை எடுத்துவிட்டதாகப் போன் வந்தது. வீடு ஐந்து நிமிஷத்தில் காலி. கடைசியாக வேனில் ஏறிய அத்தான் கக்கத்தில் துண்டு, துண்டுக்குள் மாயாவி.

‘பேரனுக்கு மாப்ளே.’

‘பெங்களூர்ப் பயலுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதே அத்தான்.’

‘படிச்சுக்கிடட்டும். அதுவரைக்கும் நான் வச்சிருக்கேன்.’