தயிர் கிடைச்சுதா? நெடும்பயணம் மீண்டோர் கதை சொல்லும் முறை குறித்து ஒரு முன்னோடி ஆய்வு

நெடுநாள் ஊர் சுற்றித் திரும்பியவர் தம் அனுபவத்தை வீட்டாரிடம் சொல்வது பற்றித் தமிழில் இதுவரை எவரும் ஆராயவில்லை. ‘இதுவரை எவரும் ஆராயவில்லை’ என்று தொடங்காத ஆய்வேட்டுக்கு நம் பக்கத்தில் பட்டம் கிடைப்பதில்லை என்பதால் நானும் அப்படியே தொடங்குகிறேன். தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறீரா என்று கேட்க நினைப்பவர்கள் வாய்மொழித் தேர்வுக்கு வரலாம். முந்திரி பக்கோடா உண்டு.

ஆய்வுக் களம்: கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கூடம். கால எல்லை: நான் முதுகுப் பையை இறக்கி வைத்தது முதல், அத்தை ராத்திரிப் பாலுக்கு உறை ஊற்ற எழுந்தது வரை. தரவாளர்: அத்தை, பெரியப்பா, சித்தி, போனில் சென்னை மாமா, கூப்பிடாமலே வந்துவிட்ட எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். தரவு: தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம், கம்போடியா என்று ஏழு மாதம் சுற்றியதில் சேர்ந்த 2,314 படங்கள், ஒரு கோடுபோட்ட நோட்டு. கருதுகோள்: ‘மீகாங் ஆத்துல ரெண்டு நாள் படகுல போனேன்’ என்று தொடங்கும் கதையை இந்த ஐவரில் ஒருவரிடமாவது சொல்லி முடிக்க முடியும்.

முன்னோர் இந்தச் சிக்கலை எப்படிச் சமாளித்தார்கள் என்று முதலில் பார்ப்போம். மார்க்கோ போலோ 24 வருஷம் கழித்து 1295இல் வெனிஸ் திரும்பினார். அவர் கதை நூலானது வீட்டுக் கூடத்தில் அல்ல. ஜெனோவாக்காரர்களிடம் கைதியாகச் சிக்கி, 1298இல் சிறையில் உடனிருந்த ருஸ்டிகெல்லோவிடம் சொன்ன பிறகுதான். கேட்பவர் பாதியில் எழுந்து ‘அடுப்புல பால் இருக்கு’ என்று போய்விட முடியாத இடம் அது. மதுரை வரை வந்துபோன இபின் பதூதா 1325இல் டான்ஜியரை விட்டுக் கிளம்பியவர். அவர் திரும்பி வந்து சொன்னதை எழுதிவைக்க மொராக்கோ சுல்தான் ஆணையிட்டு இபின் ஜுசய் என்பவரை அமர்த்த வேண்டியிருந்தது. நூல் 1355இல் முடிந்தது. ஆக, ஒன்று சிறை வேண்டும், இல்லையேல் அரசாணை வேண்டும். நம் ஏ.கே. செட்டியார் இரண்டுக்கும் காத்திராமல் 1940இல் ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்று அச்சிலேயே போட்டுவிட்டார். அச்சில் பேசுகிறவரைக் குறுக்கே மறிக்க முடியாது. சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சலித்துத்தான் அப்படிச் செய்தாரோ என்பது என் ஊகம். ஊகம் மட்டுமே.

ஏ.கே. செட்டியார் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சலித்தார் என்பதை மேலே நிறுவினோம். இனி கேட்போரின் வகைகள்.

‘எவ்வளவு ஆச்சு?’ வகை: எந்தத் தொகையைச் சொன்னாலும், ‘அதுல ஒரு மனை வாங்கியிருக்கலாம்’ (பெரியப்பா, சாய்வு நாற்காலி உரை, முதல் காபிக்கு முன்).

‘எங்களையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம்’ வகை: சித்தி.

‘யூடியூப்ல பாத்துட்டேன்’ வகை: போகாமலே நம்மைவிடக் கூடப் பார்த்தவர்கள். இவர்களிடம் நாம்தான் கதை கேட்டுக்கொள்ள வேண்டும் (சென்னை மாமா, தொலைபேசி வழி, இணைப்பு இரண்டு முறை அறுந்தது, ஒப்புநோக்குக: மாமி, பின்னணிக் குரல்).

உச்சரிப்பு வகை: ‘மீகாங் ஆத்துல’ என்று நான் வாயெடுத்ததுமே, ‘மேகாங்’ என்றார் தலைமையாசிரியர். அந்த ஊர்க்காரர்கள் ‘மே நாம் கோங்’ என்கிறார்கள், ‘மே’ என்றால் தாய், ‘நாம்’ என்றால் தண்ணீர், ஆறு என்பதற்கே அவர்கள் சொல் தண்ணீர்த்தாய் என்றேன். அது சரி, எழுதும்போது நெடிலா குறிலா என்றார். இருபது நிமிஷம். படகு கரையைவிட்டு நகரவில்லை.

ஒப்பீட்டு வகைக்குக் கொஞ்சம் இடம் தர வேண்டும். அங்கோர் வாட் 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்கு எழுப்பிய கோயில். நடுக்கோபுரம் 65 மீட்டர், அதாவது 213 அடி என்றேன். ‘பெரிய கோயில் 216’ என்றார் பெரியப்பா. மூன்றடியில் ஜெயித்துவிட்ட நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. அங்கிருந்து பேச்சு, பெரிய கோயில் வாசலில் அவருடைய புதுச் செருப்பு காணாமல் போனதற்கு நகர்ந்தது. வெயிலில் வெறுங்காலோடு ரயிலடி வரை ஓட்டமும் நடையுமாகப் போனது, வழியில் அவசரத்துக்கு வாங்கிய ரப்பர் செருப்பு இரண்டுமே இடதுகாலாக இருந்தது, அதைப் போட்டுக்கொண்டே பாபநாசத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய் மாப்பிள்ளை வீட்டாரிடம் மாட்டிக்கொண்டது. நல்ல கதை. நானும் சிரித்தேன். சூரியவர்மன் அதற்குப் பிறகு திரும்பி வரவே இல்லை.

அடுத்து, படம் பகிர்தல். இன்லாண்டு லெட்டர் காலத்தில் ஒரே தாள்தான். மூன்று மடிப்பு மடித்து ஒட்டியபின் ஓரத்தில் குறுக்காக எழுதிய வரியில்தான் உண்மையான செய்தி இருக்கும் (‘பணம் அனுப்பவும்’). பிறகு 36 படச் சுருள் வந்தது. கழுவிப் பிரதியெடுத்து ஆல்பத்தில் செருகிக் கொடுத்தால், தாளைத் தள்ளிக்கொண்டே போய், தெரிந்த முகம் வரும் இடத்தில் மட்டும் நிற்பார்கள். இப்போது குடும்ப வாட்ஸ்அப் குழு.

அங்கோர் வாட் மேற்குப் பார்த்த கோயில். ஆகவே முன்னாலிருக்கும் குளக்கரையில் விடியுமுன் போய் நின்றால், கோபுரங்களுக்குப் பின்னாலிருந்து சூரியன் வரும், தண்ணீரிலும் அதே கோபுரங்கள் தலைகீழாகத் தெரியும். கொசுக்கடியில் ஒன்றரை மணி நேரம் நின்று அதை எடுத்துக் குழுவில் போட்டேன். கும்பகோணத்தில் அப்போது மணி நாலரை. முதல் பதில் மாமாவிடமிருந்து: ‘குட் மார்னிங்’, கூடவே ஒரு ரோஜாப்பூ. அடுத்து சித்தி: ‘இனிய காலை வணக்கம்’. ஏழு பேர் காலை வணக்கம் சொன்னார்கள். ஒருவரும் அது நான் எடுத்த படம் என்றோ, நான் அங்கே நிற்கிறேன் என்றோ நினைக்கவில்லை. பதினோராம் நாள் அதே படம் என் பள்ளித் தோழர்கள் குழுவிலிருந்து எனக்கே வந்து சேர்ந்தது. தங்க எழுத்தில் ‘இனிய புதன்கிழமை’ என்று பொறித்திருந்தார்கள். வேறொரு படியில் மூலையில் பிள்ளையார். பெரியப்பாவுக்கு வந்த படியில் சூரியன் இருந்த இடத்தில் வேல். மூலபாடம், அதன் வழிப்படிகள், இடைச்செருகல்கள் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி வைத்திருக்கிறேன். மூலத்தைக் கண்டவர் ஒருவருமில்லை, அதன் காலம் பற்றிக் கருத்துச் சொல்லாதவரும் ஒருவருமில்லை. நம் இலக்கிய ஆய்வில் இது ஒன்றும் புதிதில்லை.

இவ்வாய்வின் உயிர்நிலை இனிமேல்தான். ஏழு மாதம் கழித்து வாசற்படி ஏறுகிறவனிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி: ‘தயிர் கெடைச்சுதாடா?’ (அத்தை, வாசற்படி மூலம், நான் செருப்பைக் கழற்றுமுன், மறுபதிப்பு: கூடம், திருத்தியும் விரித்தும்: சமையலறை, மக்கள் பதிப்பு: கொல்லைப்புறம், அடுத்த வீட்டு அம்மாளை நோக்கி, என்னைப் படர்க்கையில் சுட்டி).

இதை அறியாமை என்று ஒதுக்குபவர் பத்துப்பாட்டைப் படிக்காதவர். பத்தில் ஐந்து ஆற்றுப்படை. ஆற்றுப்படை என்பதே நெடும்பயணம் போய்ப் பரிசோடு திரும்புகிறவன் எதிரே வருகிறவனுக்கு அனுபவம் சொல்வதுதான். ஐந்தும் சேர்ந்து 1,917 அடி. எதிரே வந்தவன் ஓரடி கூடக் குறுக்கே பேசவில்லை, அதனால்தான் அவை இலக்கியம். பெரும்பாணாற்றுப்படையின் 500 அடியில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காஞ்சிக்கு வழி சொல்கிறார் என்பார்கள். வழி எங்கே சொல்கிறார்? எந்தக் குடியில் எந்தச் சோறு போடுவார்கள், தொட்டுக்கொள்ள என்ன என்றல்லவா சொல்லிக்கொண்டு போகிறார்! மாவடு ஊறுகாய் வரை வருகிறது. நடுவில் ஓர் ஆயர்மகள், விடியலில் புலி உறுமுவதுபோல் மத்து ஒலிக்கத் தயிர் கடைந்து, மோர் விற்று, நெய் விற்ற விலைக்குப் பொன் வேண்டாமென்று எருமை வாங்குகிறாள். எங்கள் அத்தையின் கேள்விக்கு உருத்திரங்கண்ணனார் எப்போதோ பதில் எழுதிவிட்டார். நான்தான் பதில் இல்லாமல் ஊருக்கு வந்தவன். (அதே பாட்டில் உடும்புக் கறியும் உப்புக்கண்டமும் வருகின்றன. அந்த இடங்களில் மட்டும் சில மேடைப் பேச்சாளர்கள் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக நடப்பதை நான் பார்த்திருக்கிறேன்.)

கள நிலவரம்: அந்த நாடுகளின் பழைய சமையலில் பால் அநேகமாக இல்லை, தேங்காய்ப்பால்தான். வியட்நாமில் காபிக்குக் கூட டப்பாப் பாலைத்தான் ஊற்றுகிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் பழக்கிவிட்டுப் போன தயிர் அங்கே உண்டு. ஆனால் அதையும் அதே டப்பாப் பாலில் உறைய வைக்கிறார்கள், ஆகவே தித்திக்கும். அதன் பெயர் சுவா சுவா. இரண்டும் வெவ்வேறு சொல், வெவ்வேறு ஒலி. ஒன்றுக்குப் பால் என்றும் மற்றதற்குப் புளிப்பு என்றும் பொருள். புளித்த பால், அவ்வளவே என்று விட்டுவிடலாம். ஆனால் நான் ஆய்வாளன். ‘சுவை’ என்ற நம் சொல்லே இருமுறை அடுக்கி வந்து, கப்பலேறி, கடற்காற்றில் ஐகாரம் கெட்டு ‘சுவா சுவா’ ஆயிற்று என்று இதனால் அறியலாம். ஒலியியல் தெரிந்தவர்கள் இதை ஒப்பமாட்டார்கள். ஒலியியல் தெரிந்தவர்களைக் கேட்டுக்கொண்டு வேர்ச்சொல் காண்பது நம் வழக்கமும் இல்லை. இந்தக் கண்டுபிடிப்பைத் தலைமையாசிரியரிடம் சொன்னபோது, அன்று மாலையில் முதல் முறையாக என்னைக் குறுக்கே மறிக்காமல் முழுதாகக் கேட்டார். எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டும் போனார். வருந்துகிறேன்.

‘தித்திப்பா? தயிர் தித்திச்சா அது பாயசம்’ என்றாள் அத்தை (கூடம், இரண்டாம் காபி; பெரியப்பா தலையசைத்து வழிமொழிந்தது; சித்தி ‘அதானே’ என்ற சிறப்புப் பாயிரத்துடன்).

விடக்கூடாதென்று கைபேசியில் அங்கோரின் கிழக்குச் சுற்றுச்சுவரைக் காட்டினேன். ஏறக்குறைய ஐம்பது மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடையும் சிற்பம். ஒரு பக்கம் அசுரர், ஒரு பக்கம் தேவர், நடுவில் மலை, வாசுகி கயிறு, அடியில் மீன்களும் முதலைகளும் சுழலில் துண்டாகிப் பறக்கின்றன, மேலே அப்சரஸ்கள் நுரையிலிருந்து கிளம்புகிறார்கள். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் நகர்த்தி நகர்த்தி, கடைசி தேவன் வரை பார்த்தாள். என் பயணத்தில் அவள் முழுதாகப் பார்த்த ஒரே பொருள் அது. பிறகு கைபேசியைத் திருப்பித் தந்தாள்.

‘இத்தனை பேர் நின்னு கடையறா. ஒரு கரண்டி தயிர் கெடைக்கலையாக்கும்!’

மீகாங் கதை? இரண்டாம் முயற்சியில் ‘ஆத்துல’ என்றதும் சித்தி, ‘அங்கேயாவது தண்ணி போறதா?’ என்றாள். ஜூன் 12இல் மேட்டூர் திறப்பது, கடைமடைக்கு வந்து சேருவது, அரசலாற்றில் ஆகாயத்தாமரை என்று போய்விட்டது. மூன்றாம் முயற்சி மாமாவிடம். இணைப்பு அறுந்தது.

இங்கே குறுக்கே பேச ஆளில்லை, ஆகவே சொல்லிவிடுகிறேன். ஹுவாய் சாயிலிருந்து லுவாங் பிரபாங் வரை இரண்டு நாள் படகு. முதல் நாள் ராத்திரி பாக்பெங் என்ற சிற்றூரில் தங்கல். பாக்பெங் வருமுன் இருட்டத் தொடங்கியது. எதிர்ப் பலகையில் ஒரு பாட்டி, காலடியில் கோழிக்கூடை. மூங்கில் கூடையைத் திறந்து, பசைபோல் ஒட்டும் சோற்றை விரலால் உருட்டி என்னிடம் நீட்டி ஏதோ கேட்டாள். விழித்தேன். பக்கத்திலிருந்த பையன் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னான்: சாப்பிட்டியான்னு கேக்கறா. அந்த ஊரில் ‘சௌக்கியமா’வுக்குப் பதில் அப்படித்தான் கேட்பார்களாம். அவ்வளவுதான் கதை. இதற்குத்தான் ஒரு மாலை முழுக்க மல்லாடினேன்.

அச்சுக்கு அனுப்புமுன் அத்தைக்கு இதைப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, ‘தொட்டுக்க என்ன குடுத்தா?’ என்றாள். நோட்டைப் புரட்டினேன், இல்லை. ஆனால் நினைவிருந்தது. ஜேவ் போங் என்று லுவாங் பிரபாங் பக்கத்து மிளகாய்த் துவையல், கரகரவென்று, நாக்கில் ஒட்டிக்கொள்ளும். ‘காரமா, நன்னா இருந்தது அத்தை’ என்றேன். ‘பாவம், நல்ல மனுஷி’ என்றாள்.

அதில் காய்ந்த எருமைத்தோல் சேர்ப்பார்கள் என்ற செய்தி அத்தை கேட்ட பாடத்தில் இல்லை.