கல்லாற்றில் அயல் மீனைக் கண்டுபிடிக்காமல் இருப்பது எப்படி?

பொன்முடி போகும் வழியில், விதுரையைத் தாண்டினால் கல்லாறு. உருண்டைப் பாறைகள், அடி தெரியும் தண்ணீர். வீட்டுத் தொட்டியில் அளவுமீறி வளர்ந்துவிட்ட சக்கர் மீனை இங்கே கொண்டுவந்து விட்டுவிடுங்கள். பாவம், வாயில்லா ஜீவன்.

தண்ணீரில் டிஎன்ஏ தேடலாம் என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள். மீனின் செதிலும் சளியும் கழிவும் தண்ணீரில் கலந்திருக்குமாம். ஒன்றிரண்டு லிட்டரை வடிகட்டி, பிசிஆரில் அந்த இனத்தின் துணுக்கைப் பெருக்கிப் பார்த்தால், வலையில் ஒன்றுகூட விழாதபோதே ஆள் தெரிந்துவிடுமாம். பிரான்சில் அமெரிக்கக் காளைத்தவளை குளத்துத் தண்ணீரை வைத்தே பிடிபட்டதாக 2008-இல் எழுதினார்கள். பிரான்ஸ்காரர்களுக்கு வேறு வேலையில்லை.

சோதித்தே தீருவேன் என்பவர்களுக்குச் சில யோசனைகள். திலாப்பியா வறுவல் சாப்பிட்ட கையோடு பாட்டிலைத் திறங்கள், கையுறை வேண்டாம். நேற்று வேறொரு குளத்தில் மிதித்த பூட்ஸை பிளீச்சிங் கரைசலில் கழுவாமல் அப்படியே இறங்குங்கள். ஆற்றின் மேல்பக்கம் நின்று, உங்கள் காலைக் கழுவி வரும் தண்ணீரையே மொள்ளுங்கள். வடித்த தாளை ஆல்கஹாலில் போடாமல் ஜீப்பின் முன்கண்ணாடியோரம் வையுங்கள். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். சுத்தமான தண்ணீரையும் இதேபோல் வடித்துக் கூடவே அனுப்பச் சொல்வார்கள். உங்கள் கைத்தவறைக் காட்டிக்கொடுப்பது அது ஒன்றுதான், மறந்துவிடுங்கள்.

'இல்லை' என்று முடிவு வந்தால் ஆறு சுத்தம் என்று அறிக்கை விடலாம். 'உண்டு' என்றால் நின்ற இடத்திலேயே வலை வீசலாம். ஓடும் தண்ணீரில் டிஎன்ஏ கிலோமீட்டர் கணக்கில் மிதந்து வரும், செத்த மீனிலிருந்தும் வரும், சுற்றுலா வந்தவர்கள் மீன்குழம்புச் சட்டி கழுவிய துறையிலிருந்தும் வரும். மேலே மேலே போய் மறுபடி மொண்டு பார்த்தால்தான் இடம் பிடிபடும். அது முட்டி வலிக்கிற வேலை.

அவசரமும் இல்லை. கல்லாறு வாமனபுரம் ஆறாகி, கடைசியில் அஞ்சுதெங்கு, கடினங்குளம் காயல் பக்கம் போய்ச் சேர்கிறது. தென் அமெரிக்காவின் சாரு சிப்பி அங்கேயும் அஷ்டமுடியிலும் கொத்துக் கொத்தாய் ஒட்டிக்கொண்ட பிறகு எல்லோர் கண்ணிலும் பட்டதே, எந்தப் பிசிஆர் கேட்டது? ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்புக்கு 2000-இல் தடை வந்தது. கேரள ஆறுகளில் அது இன்னும் இருக்கிறது.