புல்லு அறுத்தது யாருன்னு கேளு

வா மருமவனே, உக்காரு. உனக்குக் கணக்கெடுப்பு டூட்டி போட்டிருக்காகளாமே! வகுப்புல இருக்க பிள்ளையளை எண்ணவே ரெண்டு தடவை விரல் மடக்குதவன், 2027 பிப்ரவரியில நம்ம ஊரையே எண்ணப் போறே. இந்தத் தடவை செல்போன்லயே பதியணுமாம். எந்தப் பொத்தானை அமுக்கணும்னு சர்க்கார்ல சொல்லிக் குடுப்பாக. யார்கிட்ட என்ன கேக்கணும்னு மாமன் சொல்லுதேன், காசு வேண்டாம்.

தலையை எண்ணுதது லேசு. வீட்டுல எத்தனை பேருன்னு கேட்டா, எவனும் பொய் சொல்லப்போறதில்லை. என்ன வேலை பாக்கீகன்னு கேட்டுப் பாரு, அங்கதான் கூத்து.

2011-ல எடுத்தப்போ இருந்த சட்டத்தைச் சொல்லுதேன். போன ஒரு வருசத்துல ஆறு மாசம், அதாவது 183 நாளு, வேலை பாத்திருந்தா நீ முழு ஆளு. அதுக்குக் கொறைஞ்சா அரைகுறை ஆளு. காயிதத்துல மரியாதையா வேற பேரு போட்டிருப்பாக, இது நான் வச்ச பேரு. அந்த அரைகுறையிலயும் ரெண்டு சாதி: மூணு மாசத்துக்கு மேல, மூணு மாசத்துக்குக் கீழ. நம்ம தெருவுல அப்போ நூறு நாள் வேலையை மட்டும் நம்பி ஒருத்தி இருந்தாள்லா, அவளுக்கு அந்த நூறும் ஒண்ணு விடாமக் கெடைச்சிருந்தாலும் முழு ஆளாக இன்னும் 83 நாள் பாக்கி. வெயில்ல கண்மாய்க்கரை மண்ணைச் சுமந்தவ அரைகுறை.

என் கதையைக் கேளு. நான் மம்பட்டி பிடிச்சு வருசம் எத்தனையோ ஆச்சு. குடையை விரிச்சு வரப்புல நின்னுக்கிட்டு, "ஏலே, அந்த மூலையில தண்ணி பாயலை பாரு"ன்னு சத்தம் போடுதேன். சட்டப்படி நான் விவசாயி! மேற்பார்வை பாத்தாலும் சாகுபடிதானாம். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டுத் திண்ணையில உக்காந்து நெல்லை அளந்து வாங்குனாத்தான் விவசாயி இல்லை. அதனாலதான் சொல்லுதேன், எனக்குக் குடை ரொம்ப முக்கியம்.

உங்க அத்தையைப் பாரு. கோழி கூவுததுக்கு முன்ன எந்திரிச்சு முத்தம் தெளிச்சு, தண்ணி எடுத்து, சோறு பொங்கி, பேரப்பிள்ளையளைக் குளிப்பாட்டி, விறகு பெறக்கி, ராத்திரி அவ தலை சாயுதப்போ நான் ரெண்டாவது தூக்கத்துல இருப்பேன். சட்டம் என்ன சொல்லுது? வீட்டு வேலை, பொருளாதார வேலை இல்லை. அவ வேலை பாக்காதவ. அதே சோத்தை அடுத்த வீட்டுல போயிப் பொங்கிச் சம்பளம் வாங்குனா வேலைக்காரி. ஆனா ஒண்ணு. மாட்டுப் பாலு நம்ம வீட்டுக் காப்பிக்கு மட்டும்னாலும், அதைக் கறந்து மாட்டைப் பாத்துக்கிடுதவளை 2001-லயே வேலை பாக்கவன்னு சேத்துட்டாக. காசு வரலைன்னாலும் சொந்த வயல்ல களை எடுத்தா அதுவும் வேலைதான். ஆக, கட்டுனவன் குடுக்காத அந்தஸ்தை உங்க அத்தைக்கு மாடு குடுத்திருக்கு. ஆனா நீ வந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன் தெரியுமா? "அவளா? அவ வீட்லதான் இருக்கா." நீயும் சரின்னு அமுக்கிட்டுப் போயிருவே.

இது நம்ம வீட்டோட போச்சுன்னு நெனைக்காத. 1961-ல நூறு பொம்பளையளுக்கு 28 பேரு வேலை பாக்காகன்னு எழுதுனாக. அப்போ பருவத்து வேலையில பெரும்பாலான நாளு, தெனம் ஒரு மணி நேரத்துக்கு மேல கைவச்சிருந்தாலே போதும். 1971-ல கேள்வியை மாத்துனாக. உன்னோட முக்கியமான வேலை என்னன்னு மொதல்ல கேட்டாக. சோறு பொங்குததுன்னு சொன்னாளுக. சொல்லாம? கணக்கு பாதியாச் சரிஞ்சு போச்சு! பத்து வருசத்துல பாதிப் பொம்பளையளு கையைக் கழுவிட்டு உக்காந்துட்டாகளா? நாத்து தானா நடந்து போயி வயல்ல நின்னுக்கிட்டா? அப்புறந்தான் புத்தி வந்து, 1981-ல முழு ஆளு, அரைகுறை ஆளுன்னு பிரிச்சாக. 1991-ல கூலியில்லாம சொந்த வயல்ல, குடும்பத் தொழில்ல பாக்க வேலையையும் கேள்வியிலயே சேத்து எழுதுனாக. அப்படியும் 2011-ல நாடு பூராவும் நூறு பொம்பளையளுக்கு இருபத்தஞ்சரைதான் வந்துது, ஆம்பளையளுக்கு 53. நம்ம தமிழ்நாட்டுல பொம்பளையளு கிட்டத்தட்ட 32. கைப்பிள்ளையிலருந்து கெழவி வரைக்கும் எல்லாரையும் சேத்து வகுத்த கணக்கு இது. அப்படிப் பாத்தாலும் நம்ம ஊரு நடவுக்கூட்டம் அதுக்குள்ள அடங்குமா, நீயே சொல்லு.

தோப்புக்கார அண்ணாச்சிகிட்ட மட்டும் பதனமாப் பேசு. வாழ்நாள் பூரா நான் விவசாயின்னு மீசையை முறுக்குத மனுசன். தென்னை, பாக்கு, தேயிலை, காப்பி, ரப்பரு எல்லாம் சாகுபடிக் கணக்குல வராது. அவரு 'இதரப் பணியாளர்'. மெட்ராசுல கம்ப்யூட்டரு தட்டுத அவரு மகனுக்கும் அதே கட்டந்தான். அப்பனும் மகனும் ஒத்துப்போறது இந்த ஒரு எடத்துலதான். திண்ணையில பீடி சுத்துத பொம்பளை 'வீட்டுத் தொழில்', அது தனிக் கட்டம்.

சிரிக்கதை விட்டுட்டு இதைக் கேளு. 2001-ல நாட்டுல சொந்தமா உழுதவன் 12.7 கோடி, கூலிக்குப் போனவன் 10.7 கோடி. 2011-ல உழுதவன் 11.9 கோடியா எறங்குனான், கூலிக்காரன் 14.4 கோடியா ஏறிட்டான். நெலம் கையை விட்டுப் போன கதை இந்த ரெண்டு கட்டத்துலதான் தெரிஞ்சுது. நீ அசந்து போயி ஒண்ணை மாத்தி அமுக்குனா, அதுவும் அதுக்குள்ளதான் போயி உக்காரும்.

சில பேரு பயப்படுவாக. வேலை பாக்கேன்னு சொன்னா உதவித்தொகை நின்னுரும், ரேசன் கார்டு போயிரும்னு எவனாவது கெளப்பி விட்டிருப்பான். 1948-லயே சட்டம் போட்டிருக்கு. நீ எழுதுததை வேற எவனும் பாக்க முடியாது, கோர்ட்டுலயும் சாட்சியாக் காட்ட முடியாது. உக்காந்து பொறுமையா எடுத்துச் சொல்லு, வாத்தியாருன்னா ஊரு நம்பும்.

நம்ம வீட்டுக்கு வரும்போது என்கிட்ட நலம் விசாரிச்சுட்டு நேரா அடுப்படிப் பக்கம் போ. "அத்தை, வேலை பாக்கீகளா"ன்னு கேக்காத, இல்லைன்னுருவா. மாட்டுக்குப் புல்லு அறுத்தது யாரு, பால் கறந்தது யாரு, களை எடுக்க எத்தனை நாளு போனீகன்னு ஒண்ணொண்ணாக் கேளு. நாளைக் கூட்டு. நான் நடுவுல வந்து பதில் சொன்னா, "மாமா, நீங்க குடையை எடுத்துக்கிட்டு வயலுக்குப் போங்க"ன்னு அனுப்பிரு.