சென்னை – சிங்கப்பூர்: பறக்கும் நேரத்தைத் தப்பாமல் தப்பாகக் கணக்கிடுவது எப்படி?

டிக்கெட் கைக்கு வந்துவிட்டதா? வாழ்த்துகள். 'எத்தனை மணி நேரப் பயணம்?' என்று வீட்டில் கேட்பார்கள். டிக்கெட்டிலேயே ஒரு மூலையில் போட்டிருக்கும். அதைப் பார்க்காதீர்கள். நீங்களே கணக்குப் போடுங்கள்.

1. தூரத்தை வேகத்தால் வகுங்கள். வான்வழித் தூரம் சுமார் 2,900 கி.மீ.; விமானம் மணிக்கு 900 கி.மீ. ஆக, மூன்றே கால் மணி நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, வட்டமடிப்பது, இறங்குவது என்று எல்லாவற்றையும் சேர்த்து நாலு மணி நேரத்துக்கு மேல் போடுகிறார்களா? அவர்களுக்குக் கணக்கு வராது.

2. அடுத்து, இறங்கும் நேரத்திலிருந்து ஏறும் நேரத்தைக் கழியுங்கள். இரவு 11.30-க்குக் கிளம்பி, காலை 6.20-க்கு இறங்கினால் 6 மணி 50 நிமிடம். சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறதே என்று குழம்ப வேண்டாம். அது அவர்கள் ஊர் விவகாரம்.

3. திரும்பும் டிக்கெட்டுக்கும் இதே கணக்கு. இரவு 8 மணிக்கு ஏறி 9.50-க்குச் சென்னையில் இறங்கினால் 1 மணி 50 நிமிடம். பைலட்டுக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது என்று சொல்லுங்கள்.

4. யாராவது சிரித்தால் அறிவியலை இழுங்கள். பூமி கிழக்கு நோக்கிச் சுழல்கிறது. மேலே எழும்பினால் போதும், சென்னை தானாகவே காலடிக்கு வந்துவிடும். 'காற்றும் பூமியோடு சேர்ந்துதானே சுற்றுகிறது?' என்று ஒன்பதாம் வகுப்புப் பையன் கேட்டால், அவனைத் தயிர் வாங்கக் கடைக்கு அனுப்புங்கள்.

5. இப்போது ஆதாரம் தேடுங்கள். ஏதோ ஓர் அட்டவணையில் 1,570 என்று இருக்கும். அது கடல் மைல், ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. என்பதெல்லாம் உங்களுக்கு எதற்கு? 900-ஆல் வகுங்கள்: 1 மணி 45 நிமிடம். திரும்பும் கணக்கோடு கிட்டத்தட்ட அச்சாகப் பொருந்துகிறதே! இரண்டு தவறுகள் ஒத்துப்போனால் அதுதான் நிரூபணம்.

6. மூன்று மணி நேரம் முன்னதாக விமான நிலையத்தில் இருக்கச் சொல்வார்கள். அது பறக்கும் நேரத்தில் சேராது; எனவே நேரமே இல்லை. செக்-இன், இமிகிரேஷன், பாதுகாப்புச் சோதனை எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போடுங்கள்.

7. கடைசியாக, தேதி. 15-ஆம் தேதி அதிகாலை 12.30-க்கு விமானம் என்றால், 15-ஆம் தேதி இரவு சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கிளம்புங்கள். கவுன்டரில் இருப்பவர் உங்கள் டிக்கெட்டையும் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். பதறாதீர்கள். உங்கள் விமானம் போய், இந்நேரம் திரும்பியும் வந்திருக்கும். அதில் வந்து இறங்கியவர்களைக் கேளுங்கள். எத்தனை மணி நேரப் பயணம் என்று சரியாகச் சொல்வார்கள்.