ஃபைபர் வந்தாச்சு, வாழ்க!

துவாக்குடி டோல்கேட்டில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கார் கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக்கைக் கருவி படிக்கிறது, இமைப்பதற்குள் காசு போய்விடுகிறது. வசூல் என்றால் நம் நாட்டில் இணையத்துக்கு அப்படி ஒரு சுறுசுறுப்பு! அதே இணையம் ஏழை வீட்டுக்கு வர வேண்டும் என்றால்தான் அதற்குக் கால் வலிக்கிறது.

2011இல் மத்திய அரசு வாக்குக் கொடுத்தது: இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கம்பி, 2013க்குள். வரவில்லை. 2015இல் திட்டத்துக்கு 'பாரத்நெட்' என்று புதுப்பெயர் சூட்டினார்கள். பேர் வைக்கிற வேலையில் மட்டும் நம்மவர்களுக்குத் தாமதமே கிடையாது. 2020 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் பிரதமர் முழங்கினார்: ஆயிரம் நாளில் ஆறு லட்சம் கிராமங்களுக்கும் ஃபைபர்! ஆயிரமாவது நாள் 2023 மே மாதம் வந்துபோனது. ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்து திட்டத்தையே 'திருத்தினார்கள்'. தவறியதற்குத் தண்டனை வேண்டாமா? கூடுதல் நிதிதான் தண்டனை!

தமிழ்நாடு மட்டும் சளைத்ததா? 12,525 ஊராட்சிகளுக்கான டெண்டர் புகாரில் சிக்கி 2020இல் ரத்தானது. வேலையைத் தொடங்க 2022 ஆனது. அதற்குள் ஒரு கழகம் இறங்கி மறு கழகம் ஏறிவிட்டது.

கம்பி வந்த ஊராட்சிகளைக் கோப்பில் 'சேவைக்குத் தயார்' என்று குறிக்கிறார்கள். இலை போட்டுத் தண்ணீர் தெளித்ததும் 'பந்தி முடிந்தது' என்று கணக்கு எழுதுவதுபோல. சோறு எங்கே என்று கேட்டால் நீங்கள் வளர்ச்சிக்கு விரோதி.

இத்தனைக்கும் காசு யாருடையது? கிராமத்துக்குத் தொலைத்தொடர்பு கொண்டுசெல்லவென்றே தொலைபேசி நிறுவனங்களின் வருவாயில் நூற்றுக்கு 5 ரூபாய் தனி நிதிக்குப் போகிறது. அதுவும் நம் ரீசார்ஜிலிருந்து வருவதுதானே! அந்த ரீசார்ஜுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். தங்கத்துக்கு 3 சதவீதம். ஆகவே ஏழைப் பிள்ளைகளே, ஆன்லைன் பாடத்தை விட்டுவிட்டு நெக்லஸ் வாங்குங்கள், வரி மிச்சம். 2024 ஜூலையில் மூன்று பெரிய தனியார் கம்பெனிகளும் ஒரே வாரத்தில் கட்டணத்தை ஏற்றின. போட்டி என்றால் இதுவல்லவா போட்டி!

இணைப்புக் கொடுக்கத்தான் தாமதம், கட்டளை போடுவதில் தாமதமே இல்லை. 2023 பிறந்ததும் நூறு நாள் வேலைக்கு வந்தவர்களின் வருகையைச் செயலியில் படமெடுத்து ஏற்றுவது கட்டாயமானது. கை காய்த்தால் போதாது, டவரும் கிடைக்க வேண்டும்.

காடு, மலை என்று சாக்குச் சொல்லத் துவாக்குடிப் பக்கம் வழியில்லை. பெல் ஆலை, என்.ஐ.டி., நவல்பட்டு எல்காட் பூங்கா எல்லாம் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். அங்கெல்லாம் போகத் தெரிந்த கம்பிக்கு ஊருக்குள் வர வழி தெரியாதா?

அசூர், சூரியூர், வாழவந்தான்கோட்டை மக்களே, அடுத்த கிராமசபையில் மூன்றே கேள்விகள் கேளுங்கள். ஊராட்சிக்கு வந்த ஃபைபர் பெட்டியில் விளக்கு எரிகிறதா? அதிலிருந்து எத்தனை வீடுகளுக்கு இணைப்புக் கொடுத்திருக்கிறீர்கள்? கூலி வேலை செய்பவர் கட்டக்கூடிய கட்டணமா அது? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடாமல் அதிகாரியை எழுந்து போக விடாதீர்கள்.